கூடத்தில் இடம்

“வாசல்ல பிரச்சினை இல்லம்மா. உள்ள வந்ததும் திரும்பணும் பாருங்க, அங்கதான் இடிக்கும்,” என்று சொல்லிவிட்டு, சவப்பெட்டிக் கடைக்காரர் இஞ்ச் டேப்பை மறுபடியும் இழுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. சோலெங் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார் அவள் கணவர் சியானோ. பக்கத்துத் தெரு எர்னிங்கின் ஜீப்னியில், ஊருக்குள் ஆளேற்றி ஓடும் அந்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, அவள் மடியில் தலை சாய்ந்துவிட்டது. இப்போது மதியம். கடையில் உடம்பைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. மகன் டென்னிஸ் கப்பலில் இருந்தான். அவன் இறங்கி ஊர் வந்து சேரும்வரை உடம்பு கூடத்தில்தான் இருக்க வேண்டும்.

டேப்பின் முனையைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது, அந்நிய மனிதர் ஒருவர் பார்க்கிற விதத்தில் அவளும் தன் வீட்டுக் கூடத்தைப் பார்த்தாள். இடப்பக்கச் சுவரோரம் தரையிலிருந்து உத்தரம்வரை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் அவள் கையெழுத்து: சியானோ பெயர், அதிமோனான், கேசோன் மாகாணம், பிலிப்பைன்ஸ். வலப்பக்கம் கண்ணாடி அலமாரி. அதற்குள்ளும் அதன் தலைமேலும் சாமான். வாசலுக்கு அருகே பழைய டயர்கள், ஜாடிகள், ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஆணியும் திருகும், கட்டுக்கட்டாகப் பழைய காலண்டர்கள். இவற்றுக்கு நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போக ஒரு பாதை. பாதையின் முடிவில் சன்னலோரம் சியானோவின் நாற்காலி.

“எங்க மண்டபத்துலயே வச்சிரலாமே,” என்றார் கடைக்காரர். “ஏசி இருக்கு. சேர் போட்டிருக்கு. வர்றவங்களுக்கும் வசதி.”

“அதுதாம்மா சரி,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மகள் ரோவெனா. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “அவங்க மண்டபத்துல வைப்போம். வீடு வீடா இருக்கட்டும். அப்பா எப்படி வச்சிருந்தாரோ அப்படியே இருக்கட்டும்.”

சோலெங் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“எப்பக் கொண்டு வருவீங்க?” என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

“அஞ்சு, அஞ்சரை ஆகும்.”

“கொண்டு வாங்க. இடம் இருக்கும்.”

அவர் போனதும் ரோவெனா தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “அப்பா இன்னும் வீட்டுக்குக்கூட வரல. அதுக்குள்ள அவரு சாமானைத் தூக்கிப் போடணுமா?”

“தூக்கிப் போடலன்னா அவரை எங்கடி படுக்க வைக்கிறது? டயரு மேலயா?”

“மண்டபம் இருக்குல்ல?”

“உங்கப்பா ஒரு ராத்திரி வெளிய தங்கியிருக்காரா? சொல்லு. எத்தனை பேரு வண்டியக் கேட்டாங்க, மணிலாவுக்கு வா, பிக்கோலுக்கு வான்னு. போனாரா? சாயங்காலமானா வீடு. ‘சோலெங் போன் பண்ணுவா, நான் இருக்கணும்’னு சொல்லிக்கிட்டு.” அவள் முந்தானைபோலத் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினாள். “போயிட்டு வந்துட்டு இருந்தவ நான். வீட்ல இருந்தது அவரு. அவரு வீட்டுக்குத்தான் வருவாரு.”

ரோவெனா சுவரில் சாய்ந்து அழுதாள். சோலெங் காலண்டர் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்த்தபோது, அவளுக்கென்று இருந்தது துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே அடித்த பலகைப் படுக்கை. எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். அவளுடைய சொத்தெல்லாம் அந்த வீட்டுக் கிழவியின் கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேஸ். புதுசாக ஒரு சட்டை வாங்கினால் பழைய சட்டை ஒன்றை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படி இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் நிரந்தரமாக ஊர் திரும்பியபோது, தன் வீட்டில் கை கால் நீட்டி நடக்கலாம் என்று நினைத்திருந்தாள். வந்து பார்த்தால் இந்த ஒற்றையடிப் பாதை.

வந்த முதல் மழைக்காலத்தில் ஒருநாள், சியானோ சந்தைக்குப் போயிருந்த நேரம், ஜாடிகளையும் காலண்டர்களையும் எடுத்துக் கொல்லையில் குவித்தாள். அவர் வந்து பார்த்தார். சாயங்காலம் முழுக்கப் பின்கட்டு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார். மறுநாள் காலை அவள் எழுவதற்கு முன்பே காபி போட்டு மூடி வைத்திருந்தார். அதற்கப்புறம் அவள் எதையும் வெளியே போடவில்லை. சாமான்களைச் சுற்றிச் சுற்றிக் காலையிலும் மாலையிலும் கூட்டினாள்.

இப்போது கொல்லையில் எர்னிங் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். சியானோவோடு ஒரே தடத்தில் ஜீப்னி ஓட்டியவர். காலையில் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதவர். இப்போது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தெருப் பையன்களை அதட்டி வேலை வாங்கினார். பக்கத்து வீட்டு பசிங் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏ எர்னிங், உன் கூட்டாளி ஜீப்னில ஆளை அடைச்ச மாதிரியே வீட்டையும் அடைச்சு வச்சிருக்கான் பாரு.”

“அவன் எப்பவும் அப்படித்தான். ‘நகருங்க, நகருங்க, இன்னும் ரெண்டு பேர் உக்காரலாம்’பான். மடியில கோழியோட ஒருத்தி நிப்பா, அவளையும் ஏத்துவான்.”

“இப்ப அவனுக்கே சீட்டு இல்ல,” என்றாள் பசிங். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சோலெங் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து எர்னிங்கும் சிரித்தார்.

டயர்கள் போயின. ஜாடிகள் போயின. ஆணி டப்பாக்களை எர்னிங்கே கேட்டு வாங்கிக்கொண்டார். டயர்களுக்குப் பின்னால் ‘லுசேனா’ என்று சிவப்பில் எழுதிய தகரப் பலகை கிடைத்தது. சியானோவின் வண்டி முகப்பில் இருந்தது. எர்னிங் அதைத் துடைத்துப் பார்த்தார்.

“சோலெங், இதையும் குடுக்கிறியா?”

“எடுத்துக்கங்கண்ணே. உங்க வண்டியும் அங்கதான போகுது.”

அட்டைப்பெட்டிகள் பக்கம் வந்தார்கள். மேலே இருந்தவற்றில் பாதி வெறும் பெட்டிகள். சாமானை எடுத்த பிறகும் பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல், கிழியாமல் மறுபடி மடித்து ஒட்டி, உள்ளே இன்னும் சரக்கு இருப்பதுபோல அடுக்கியிருந்தார். பையன் ஒருவன் கனமென்று நினைத்து மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். கீழே இருந்தவற்றில் சாமான் இருந்தது. ஒருதடவைகூடச் சூடாகாத சோறாக்கும் பானை. பிளாஸ்டிக் உறையோடு துண்டுகள். குடைகள். முகத்துக்குப் பூசும் கிரீம், காய்ந்து சுண்ணாம்பாக. துண்டுகளின் மடிப்போரம் பழுப்பேறியிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க,” என்றாள் சோலெங். “பசிங், துண்டெல்லாம் உனக்கு. குடை வேணுமா? யாருக்குக் குடை வேணும்?”

அவள் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி உடனே அடுத்த கைக்குக் கொடுத்தாள். ஆனால் கொடுக்கிற ஒவ்வொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இந்தப் பானை, முதலாளியம்மாள் வீட்டில் பெருநாளுக்கு அதிகப்படியாகக் கொடுத்த காசில் வாங்கியது. இந்தக் குடைகள், மழைக்கு ஒதுங்கிய கடையில் தள்ளுபடியில் போட்டிருந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் அட்டையை விரித்து ஊர்க்காரப் பெண்களெல்லாம் வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி சோறு கொண்டுவருவாள், ஒருத்தி கருவாடு. சாப்பிட்டுவிட்டுப் பெட்டி கட்டுவார்கள். ஷூவுக்குள் சோப்பு, சோப்பைச் சுற்றிக் காலுறை, பானைக்குள் துண்டு, இடுக்கிலெல்லாம் மிட்டாய். காற்றுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பார்கள். மூடி மூடாவிட்டால் இருக்கிறவர்களிலேயே கனத்தவளைப் பெட்டிமேல் உட்காரவைத்து, அவள் கீழே இருப்பவர்களை வைய, சுற்றிலும் டேப் ஒட்டுவார்கள். பெட்டி கிளம்பிக் கப்பலில் அலைந்து வந்து சேர மாசங்கள் ஆகும். ஒரு சாயங்காலம் போனில் சியானோ சொல்லுவார், “பெட்டி வந்துச்சு.” துண்டு நல்லாருந்துச்சா என்று கேட்பாள். “நல்லா மெத்துனு இருக்கு,” என்பார்.

ரோவெனா இப்போது அழுகையை நிறுத்திவிட்டு வந்து, அலமாரியின் தலைமேல் இருந்ததை இறக்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சுவரை ஒட்டி, பழைய பெட்டி ஒன்று இருந்தது. டேப்பின்மேல் டேப்பாக ஒட்டி மூலைகள் பழுப்புத் தோலாகியிருந்தன. அதை இறக்கித் தரையில் வைத்துவிட்டு அதன்முன் உட்கார்ந்தாள்.

“இதைக் கொடுக்காதம்மா.”

“என்ன இருக்கு அதுல?”

“உனக்குத் தெரியாதா? நீதான கட்டி அனுப்புன.”

சோலெங்குக்கு நினைவில்லை. எழுத்து அவளுடையதுதான். ஆனால் அவசரம் தெரியாத, உருட்டி உருட்டி எழுதிய எழுத்து. போன புதிதில் எழுதியதாக இருக்க வேண்டும்.

“முதப் பெட்டிம்மா,” என்றாள் ரோவெனா. “திங்கிற சாமான மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை மூடிட்டாரு. அம்மா வந்து பிரிக்கட்டும்னாரு. எங்களுக்குப் பிறந்தநாள் வந்தா இதை இறக்குவாரு. கத்தியால இந்த மூலைய மட்டும் கொஞ்சம் கீறுவாரு. கீறிட்டு, ‘மூக்க வைங்கடா’ம்பாரு. நானும் டென்னிசும் போட்டி போட்டுக்கிட்டு மூக்க வைப்போம். ‘என்ன வாசனை?’ன்னு கேப்பாரு. அம்மா வாசனைன்னு கத்தணும். அப்புறம் அவரும் ஒரு தடவை மூக்க வச்சிப் பாத்துட்டு டேப் போட்டுருவாரு.”

வெளியே பையன்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பசிங் துண்டுகளை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

“சோப்பு வாசனைடி அது,” என்றாள் சோலெங்.

“எங்களுக்கென்ன தெரியும்? நீ முதத் தடவை லீவுல வந்தியே, ஏர்போர்ட்டுல ஓடி வந்து உன்னைக் கட்டிப் புடிச்சேன், ஞாபகமிருக்கா? எனக்கு ஏமாத்தமாப் போச்சு. அந்த வாசனையே இல்ல.”

“என்ன வாசனை இருந்துச்சு?”

“எண்ணெய். மீன் பொரிச்ச எண்ணெய் வாசனை.”

“அன்னிக்குக் காலைலகூட அந்தக் கிழவிக்கு மீன் பொரிச்சுக் குடுத்துட்டுத்தான் கிளம்பினேன்.” சோலெங்குக்குச் சிரிப்பு வந்தது. மகளும் சிரித்தாள். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார்கள். பசிங் சிலுவைக்குறி போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் சோலெங் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினாள். அது பசை செத்து, இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. மேலே ஒரு படுக்கை விரிப்பு. அதற்கடியில் இரண்டு ஜோடி ஷூ. ஒன்று பையனுக்கு, ஒன்று பெண்ணுக்கு. காலுறையும் அதற்குள் சோப்பும், அவள் திணித்து வைத்தபடியே இருந்தன. சோப்பு வற்றி உறைக்குள் ஆடியது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது.

பெண் பிள்ளையின் ஷூவைக் கையில் எடுத்தாள். வெள்ளையில் பூப்போட்டது. கடைக்காரனிடம் மகளின் பாத அளவைத் தன் உள்ளங்கையில் விரலால் காட்டி வாங்கியது. வரும்போது ஒரு காகிதத்தில் கால் வரைந்து எடுத்து வந்திருக்கலாமே என்று அன்று முழுக்க நொந்துகொண்டது. அதை விரல்களுக்கிடையே லேசாக வளைத்துப் பார்த்தாள். அடிப்பாகம் பிஸ்கட்டைப்போல உடைந்து, பொடிப் பொடியாக அவள் மடியிலும் தரையிலும் கொட்டியது.

“போடாம வச்சா இத்துத்தான் போகும்,” என்று வாசலில் நின்ற எர்னிங் மெதுவாகச் சொன்னார். “டயரும் அப்படித்தான். ஓடாட்டி வீணாயிரும்.”

“முட்டாள் மனுஷன்,” என்றாள் சோலெங். குரல் திடீரென்று உயர்ந்தது. “புள்ளைங்க வெறுங்காலோட பள்ளிக்கூடம் போச்சுங்க. போட்டோவுல பாத்தேனே நான். ஷூ எங்கன்னு கேட்டா, மழைனு அவுத்து வச்சிருக்குன்னான். எனக்காக வச்சானாம். நான் வந்து பிரிக்கணுமாம். நான் அங்க நின்னு நின்னு காலு வீங்கி வாங்கி அனுப்புனது, மோந்து பாக்கவா? யாராவது சொல்லுங்க. மோந்து பாக்கவா அனுப்புனேன்?”

ரோவெனா கையை நீட்டி அம்மாவின் மடியிலிருந்த கறுப்புத் தூளைத் தட்டிவிட்டாள். அவள் கையைத் தள்ளிவிட்டு, பிறகு அதே கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள் சோலெங். பையன்கள் கதவருகே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

“எங்களுக்கு ஷூ கேக்கத் தோணலம்மா,” என்றாள் ரோவெனா. “பெட்டி அங்க மேல இருந்தா நீ வருவேன்னு இருந்துச்சு. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நீ வந்தப்புறமும் அதை இறக்க மனசு வரல போல.”

சோலெங் எழுந்தாள். படுக்கை விரிப்பை உதறிப் பார்த்தாள். நீலம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஓட்டை இல்லை. அதை மகளின் கையில் கொடுத்தாள். “அலசிக் காயப் போடு. வெயில் இருக்கு, காஞ்சிரும். அப்பா பெட்டி வைக்கிற மேடைக்குக் கீழ மறைக்கத் துணி வேணும்.”

“மத்ததெல்லாம்?”

சோலெங் ஷூக்களையும் சோப்பையும் மறுபடி பெட்டிக்குள் போட்டாள். மூடியை மடித்து அழுத்தினாள். டேப் ஒட்டவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மூடி திறந்தபடியே தூக்கிக்கொண்டு, கொல்லையில் குப்பை எரிகிற மூலைக்குத் தானே போனாள். மகள் பின்னால் வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறிக்கவில்லை. சேர்ந்தே கொண்டுபோய் வைத்தார்கள்.

அலமாரியை நகர்த்தத்தான் கஷ்டமாகிவிட்டது. தேக்கு. கண்ணாடிகளைக் கழற்றி, கோப்பைகளையெல்லாம் எடுத்து, நான்கு ஆட்கள் பிடித்தும் அசையவில்லை. எர்னிங் அடியில் தென்னங்கட்டையை உருளையாகக் கொடுத்து, “நகருங்க, நகருங்க,” என்று சியானோவின் குரலிலேயே கத்தினார். அந்தக் குரலைக் கேட்டு எல்லாரும் ஒரு நொடி அவரைப் பார்த்தார்கள். அவரும் நின்றார். பிறகு எல்லாருமாகத் தோள்கொடுத்துத் தள்ள, அலமாரி முனகிக்கொண்டு பின்கட்டுக்கு உருண்டது.

கோப்பைகள் பசிங்கிடம் போயின. ஹாங்காங்கிலிருந்து வந்தவை, தங்க விளிம்பு வைத்தவை, ஒருவரும் வாய் வைக்காதவை. வருகிறவர்களுக்குக் காபி ஊற்ற இதையே எடு என்று சோலெங் சொல்லியிருந்தாள்.

“இதுலயா? தெருப் பயலுகளெல்லாம் வருவானுங்க சோலெங். உடைச்சிருவானுங்க.”

“உடையட்டும்.”

குளித்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது வெயில் தென்னைக்குக் கீழே இறங்கியிருந்தது. தெருக்கோடியில் வண்டி திரும்பியது. “பெட்டி வந்துருச்சு!” என்று எர்னிங் கூவினார்.

ஆறு பேர் தூக்கினார்கள். வாசலில் குனிந்து, உள்ளே நுழைந்து, திரும்பினார்கள். எங்கும் இடிக்கவில்லை. “தாராளமா இருக்கே,” என்றார் கடைக்காரர். நீல விரிப்பு சுற்றிய மேடைமேல் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தார்கள். மூடியைத் திறந்து கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, சியானோவுக்கு அவருக்கே உரிய வெள்ளைச் சட்டை. தலையை மட்டும் மாற்றி வாரியிருந்தார்கள்.

“சரி பண்ணச் சொல்லட்டுமாம்மா?” என்றாள் ரோவெனா.

“இருக்கட்டும். மாப்பிள்ளை மாதிரி இருக்காரு.”

அதற்குள் அக்கம்பக்கத்தினர் வந்து நாற்காலிகளில் நிறைந்தார்கள். கூடத்தில் பேச்சுக் குரல்கள் சுவரில் மோதித் திரும்பின. இந்த வீட்டுக்கு எதிரொலி உண்டென்று அவளுக்கு இன்றுதான் தெரியும். கோப்பைகள் கிணுகிணுத்தன. பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று சன்னலோரத்திலிருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள். அலமாரி இருந்த இடத்தில் நீளமாகப் புழுதி. எத்தனையோ வருஷத்து மரத்தூள், ஒரு திருகு, மிட்டாய்க் காகிதம், ஷூவிலிருந்து உதிர்ந்த கறுப்புப் பொடி. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. வந்து போகிற கால்கள் அதைக் கூடம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தன.

நாற்காலியை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். குனிந்தாள்.

“ஐயோ சோலெங், என்ன பண்ற!” பசிங் காபித் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “உடம்பு உள்ள வந்தாச்சு. இனிமே அடக்கம் பண்ற வரைக்கும் கூட்டக் கூடாது. வீட்டைக் கூட்டினா சாவு இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போயிரும். மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தாள். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஊரில் நடந்த எந்தச் சாவுக்கும் அவள் வந்ததில்லை. தன் அம்மாவுக்குக்கூட வரவில்லை. அங்கிருந்தே அவளுக்குக் கேட்கட்டும் என்று போனைக் கூட்டத்துக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றவர் சியானோ.

“அது அப்படியே கிடக்கட்டும்,” என்றாள் பசிங்.

“சரி.”

துடைப்பத்தைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து நாற்காலியைப் போட்டபோது அதன் முன்கால்கள் புழுதியின்மேல் நின்றன. நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, கொஞ்சம் இந்தப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.